குடத்தில் விழாத ஓலை

நூறு பேர் வந்து வாசலில் நிற்கிறார்கள். உள்ளே பத்துப் பேருக்குத்தான் இடம் இருக்கிறது. யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது? இந்தக் கேள்விக்கு மனிதன் வெகு காலமாக இரண்டு விதமான பதில்களைச் சொல்லி வந்திருக்கிறான். ஒன்று, அளந்து பார்த்துச் சேர்ப்பது. மற்றொன்று, ஆளைப் பார்த்துச் சேர்ப்பது. தராசுக்கு இரக்கம் கிடையாது. ஆனால் அதற்கு மாமன் மைத்துனன் என்ற உறவும் கிடையாது. கண்ணுக்கு இரக்கம் உண்டு. கூடவே விருப்பு வெறுப்பும் உண்டு. இவற்றில் எதை நம்புவது?

கல்லூரிகளில் மாணவரைச் சேர்க்கும் முறையைச் சோதித்துப் பார்த்து, குறை எங்கே இருக்கிறது, எப்படித் திருத்தலாம் என்று யோசனை சொல்லுவதற்கென்றே இப்போது ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கொல்லிமலைப் பக்கத்துச் சமவெளியில் உள்ள ஒரு கல்லூரி நிர்வாகத்தார் அத்தகைய வேலை ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். கதை எழுதுகிறவனுக்கு மனிதர்களைத் தெரியும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம்.

அவர்கள் கேட்டது நல்ல எண்ணத்துடன் கேட்ட கேள்விதான். சர்க்கார் வகுத்த விதிப்படியும் இட ஒதுக்கீட்டின்படியும் நிரப்ப வேண்டிய இடங்கள் போக, கல்லூரியே தன் பொறுப்பில் நிரப்பும் இடங்கள் கொஞ்சம் உண்டு. அந்த இடங்களுக்கு வெறும் மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்ப்பது மனிதத் தன்மையாகுமா? பிள்ளையை எதிரே உட்கார வைத்து, அவன் ஆர்வம் என்ன, குணம் என்ன, வீட்டு நிலைமை என்ன என்று விசாரித்துச் சேர்த்தால் என்ன? "மார்க்கு என்பது வெறும் எண். மனிதனை எண்ணாகப் பார்க்கலாமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் நிர்வாகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர்.

கதாசிரியனிடம் இப்படிக் கேட்டால் அவன் உடனே தலையாட்டிவிடுவான். என் தொழிலே ஆளைப் பார்ப்பதுதான். 600க்கு 520 என்று இரண்டு பேர் ஒரே எண்ணை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒருவன் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளி ஒன்றில் விடியற்காலையிலிருந்து இரவு வரையில் கேள்வி பதில்களை உருப்போட்டவன். இன்னொருத்தி மலைமேல் இருக்கும் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். அவள் வீட்டில் அதற்கு முன்னால் யாரும் பத்தாவது வகுப்பைத் தாண்டியதில்லை. தராசு இருவரையும் ஒன்று என்றுதான் சொல்லும். ஒன்றல்ல என்பது கண் உள்ளவர்களுக்குத் தெரியும். அப்படியானால் கண்ணை உபயோகித்தால் என்ன?

இதற்கு விடை காண, கண்ணின் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

1970-71இல் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு மாணவரைச் சேர்த்தபோது நேர்முகப் பரீட்சை இருந்தது. அதற்கு 75 மார்க்கு. கல்லூரிகளைப் பல தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு தேர்வுக் குழு அமைத்திருந்தார்கள். இடம் கிடைக்காத மாணவர்கள் வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரையில் சென்றது. தொகுதி தொகுதியாகப் பிரித்துச் சேர்த்த முறை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் ஸ்ரீநகரிலிருந்த மண்டலப் பொறியியற் கல்லூரியைப் பற்றி இன்னொரு வழக்கு. அங்கே எழுத்துப் பரீட்சைக்கு 100, நேர்முகத்துக்கு 50. ஒவ்வொரு பிள்ளையையும் பார்த்த நேரம் இரண்டு மூன்று நிமிஷம். தகப்பனார் பெயர் என்ன, ஊர் எது என்பவைதான் கேட்ட கேள்விகள் என்று மனுதாரர்கள் முறையிட்டார்கள். நேர்முகத்துக்கு மொத்தத்தில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் கொடுப்பது நியாயமாகாது என்று 1980 நவம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில், பரீட்சையை மட்டும் பார்த்துச் சேர்த்து வந்த காலத்தில் யூத மாணவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. அது அங்கிருந்த சிலருக்குப் பிடிக்கவில்லை. 1920களில் அவர்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? 'மார்க்கு மட்டும் போதாது. குணத்தையும் பார்க்க வேண்டும்' என்றார்கள். மனுவோடு புகைப்படமும் கேட்டார்கள். குணத்தைப் பார்க்கத் தொடங்கியதும் யூதர்களின் எண்ணிக்கை குறைந்தது. என் கல்லூரிப் பெரியவர் சொன்ன அதே வார்த்தைகளைத்தான் அவர்களும் சொன்னார்கள். பெரியவருடைய மனசில் கள்ளம் இல்லை. ஆனால் வார்த்தை அதேதான்.

மூன்று நிமிஷத்தில் ஒரு மனிதனை அறிய முடியாது. நாவலாசிரியன் முந்நூறு பக்கம் எழுதிய பிறகும் தன் பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகத்தோடுதான் இருக்கிறான். மூன்று நிமிஷத்தில் தெரிவதெல்லாம் சட்டை, உச்சரிப்பு, தகப்பனாரின் உத்தியோகம், கூச்சம் இல்லாத பேச்சு இவைதாம். கண் தன்னைப் போன்றவர்களைக் கண்டால்தான் மலரும். மலையிலிருந்து இறங்கி வந்த பெண் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு பதில் சொன்னால், 'ஆர்வம் போதாது' என்று எழுதிவிடுவோம். அவளுக்கு உதவுவதற்காக ஏற்படுத்திய நாற்காலியே அவளைக் கவிழ்த்துவிடும்.

இன்னொரு விஷயமும் உண்டு. இரக்கத்தினால் இடம் பெற்ற பிள்ளை கடனாளியாக உள்ளே வருகிறான். 'ஐயா பார்த்துப் போட்ட இடம்' என்ற நினைவு மூன்று வருஷமும் அவன் முதுகில் உட்கார்ந்திருக்கும். விதியினால் இடம் பெற்றவன் தன் வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழைகிறான். எழுந்து நின்று கேள்வி கேட்கிறான். கல்வி கற்க வந்தவனுக்கு இந்த நிமிர்ந்த முதுகு வேண்டாமா?

ஆகவே தராசே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. உலகம் அப்படியும் செய்து பார்த்திருக்கிறது. ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால் சீன தேசத்து அரசாங்கப் பரீட்சைகளில், எழுதியவன் பெயரை மூடி ஒட்டிவிடுவார்கள். கையெழுத்தைக் கொண்டு ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று விடைத்தாளையே குமாஸ்தாக்களைக் கொண்டு வேறு கையெழுத்தில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத்தான் திருத்தக் கொடுப்பார்கள். நம் உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சபையின் வாரியங்களுக்கு ஆள் பொறுக்கியது குடவோலையால். தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். பெரியவர்கள் தங்கள் கண்ணையே நம்பாமல் குழந்தையின் கையை நம்பினார்கள். இந்த நாளில் பொறியியற் கல்லூரிச் சேர்க்கையில், மார்க்கெல்லாம் சமமாகிவிட்டால் கடைசியில் கம்ப்யூட்டர் கொடுக்கும் ஏதோ ஓர் எண்ணைக் கொண்டு முன்பின் தீர்மானிக்கிறார்கள். குடவோலையின் பேரன் என்று அதைச் சொல்லலாம்.

ஆனால் அந்தக் குடத்தை இன்னும் கொஞ்சம் அருகில் சென்று பாருங்கள். அதில் ஓலை விழுவதற்கே நிலம் இருக்க வேண்டும். சொந்த மனை இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். வயசு முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். குடத்துக்குள் விழுந்த ஓலைகளுக்குள்ளே பட்சபாதம் இல்லை. விழாத ஓலைகளைப் பற்றிக் குடத்துக்கு எதுவும் தெரியாது.

தராசின் குறை இதுதான். அது குருடு என்பது குறையல்ல. தன் தட்டில் வந்து விழுவதை மட்டுமே அது அறியும் என்பதுதான் குறை. தட்டில் வந்து விழும் வழியோ எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. 1984இல் தமிழ்நாட்டில் தொழிற் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு வந்தது. எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள். இதைவிட நியாயம் உண்டா என்றார்கள். பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் கேள்வித்தாள் ஒன்றுதான், தயாரிப்பு ஒன்றல்ல. 2006இல் கொண்டு வந்த சட்டம் அதை எடுத்துவிட்டது. பிறகு பிளஸ் டூ மார்க்கே தராசாயிற்று. உடனே நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகளுக்குத் தமிழ்நாடெங்குமிருந்து பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். மாநில ராங்கு என்பது வியாபாரச் சின்னம் போல் ஆகிவிடவே, 2017இல் ராங்கு அறிவிப்பதையே அரசாங்கம் நிறுத்தியது. அதே வருஷம் மருத்துவத்துக்கு நீட் வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் மிகச் சிலரே உள்ளே போக முடிந்தது. 2020இல் அவர்களுக்கென்று 7.5 சதவீத இடங்களை ஒதுக்கிச் சட்டம் செய்த பிறகுதான் கதவு கொஞ்சம் திறந்தது.

இடத்தைப் பார்த்துக் கொடுப்பதற்கும் முன்பே ஒரு முயற்சி நடந்ததுண்டு. மருத்துவக் கல்லூரி இடங்களை ஜனத்தொகைக்குத் தக்கபடி ஜில்லாவாரியாகப் பிரித்துக் கொடுக்கச் சென்னை அரசாங்கம் விதி செய்தது. ஒரு ஜில்லாவில் அதிக மார்க்கு வாங்கியவன் வெளியே நிற்க, இன்னொரு ஜில்லாவில் குறைந்த மார்க்கு வாங்கியவன் உள்ளே போவது சமத்துவமாகாது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜில்லா என்பது வரைபடத்தில் ஒரு கோடு மட்டும்தானா? ஒரு ஜில்லாவுக்குள்ளேயே எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஓர் உலகமும் கீழே ஓர் உலகமும் இருக்கின்றனவே!

அந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே இருக்கும் ஊர் காளப்பநாயக்கன்பட்டி. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிற பஸ் இந்த ஊரைத் தாண்டித்தான் மலையடிவாரமான காரவள்ளிக்குப் போய் ஏறத் தொடங்குகிறது. கல்லூரிக் கணக்குகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, மலைப் பிள்ளைகள் எத்தனை பேர் மனுச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினார்கள். மலையாளிப் பழங்குடியினருக்கு ஒதுக்கீடு இருக்கிறது, சலுகைகள் இருக்கின்றன. பிள்ளைகளைத்தான் காணவில்லை. ஏன் என்று கேட்டால், "ஆர்வம் இல்லை, சார்" என்று பதில் வந்தது. அந்தப் பதில் எனக்குத் திருப்தி அளிக்கவில்லை. மறுநாள் காளப்பநாயக்கன்பட்டி பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

பலாப்பழம் விற்றுவிட்டு மலைக்குத் திரும்பக் காத்திருந்தார் ஒருவர். ஐம்பது வயசு இருக்கும். டீ குடித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"பொண்ணு பன்னெண்டாவது பாஸ் பண்ணிருச்சுங்க. நல்ல மார்க்குன்னு வாத்தியாரு சொன்னாருங்க."

"எந்தக் காலேஜுக்கு மனுப் போட்டிருக்கீங்க?"

"போடலீங்க."

"ஏன்?"

"கம்ப்யூட்டர்ல போடோணும்ங்கறாங்க. அதுக்குச் சாதிச் சர்டிபிகேட் வேணுமாம். எழுதிக் குடுத்து நாலு தடவை எறங்கி வந்தேனுங்க. அது கைக்கு வர்றதுக்குள்ளே தேதி முடிஞ்சிருச்சு. சரி, வர்ற வருசம் பாத்துக்கலாம்னு வுட்டுட்டேனுங்க."

"இப்போ பொண்ணு என்ன பண்ணுது?"

"மில்லுக்கு ஆள் எடுக்கறவரு ஊருக்கே வந்தாருங்க. அவங்க பெரியம்மா மவளோட சேர்ந்து போயிருக்குதுங்க."

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலத்தான் சொன்னார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

அந்தப் பெண்ணின் பெயர் கல்லூரியின் எந்தப் பட்டியலிலும் இல்லை. சேர்த்தவர்கள் பட்டியலிலும் இல்லை. நிராகரித்தவர்கள் பட்டியலிலும் இல்லை. எந்தத் தராசும் அவளை நிறுக்கவில்லை. எந்தக் குழுவும் அவளை எதிரே உட்கார வைத்து இரக்கப்படவில்லை. சேர்க்கை முறையை எவ்வளவு கூர்மையாகச் சோதித்தாலும், வந்த மனுக்களை வைத்துச் சோதிக்கிறவனுக்கு அதில் ஒரு குற்றமும் தென்படாது. குடத்தில் விழாத ஓலை அவள்.

'ஆர்வம் உள்ளவன் தேடி வருவான்' என்று நாம் சொல்லுகிறோம். நூல் மில்லுக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஆள் வேண்டும். எழுபது வளைவும் ஏறி வீட்டு வாசலுக்கே போனார்கள். வேண்டும் என்று நினைக்கிறவர்கள் போகிறார்கள். கல்லூரி போகவில்லை. அப்படியானால் ஆர்வம் யாரிடம் இல்லை?

இதற்குப் பிறகு என் யோசனை தெளிவாகிவிட்டது. கண்ணா, தராசா என்ற கேள்வியில் இரண்டையும் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்துச் சண்டை மூட்டியதுதான் கோளாறு. இரண்டுக்கும் வேலை உண்டு, இடம்தான் வேறு. கதவருகில் தராசு இருக்கட்டும். கண் தெருவுக்குப் போகட்டும். ஒருவனை உள்ளே விடுவதா, வேண்டாமா என்று தீர்மானிக்கும்போது நம் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். யார் இன்னும் வரவில்லை என்று தேடும்போது அகலத் திறக்க வேண்டும். மறுப்பதற்குக் கண்ணை உபயோகித்தால் அது பட்சபாதம் ஆகிறது. அழைப்பதற்கு உபயோகித்தால் அதுவே அன்பு ஆகிறது.

இப்படித்தான் நிர்வாகத்தாருக்கு எழுதிக் கொடுத்தேன். நேர்முகம் வேண்டாம். விதியை முன்கூட்டியே அச்சிட்டுத் தமிழில் எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். அரசுப் பள்ளியில் படித்ததற்கு, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதற்குச் சலுகை தர விரும்பினால், அதையும் விதியாகவே எழுதிவிடுங்கள். ஒருவர் முகத்தைப் பார்த்துத் தராதீர்கள். மார்க்கு சமமானால் எல்லோர் முன்னிலையிலும் சீட்டுக் குலுக்குங்கள். இடம் பெற்றவர் பட்டியலை மார்க்கோடு சுவரில் ஒட்டுங்கள். சான்றிதழ் வரத் தாமதமானால், விதி இடம் கொடுக்கும் அளவுக்குத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டு, பிறகு வாங்கிக் கொள்ளுங்கள். பரீட்சை முடிந்த மாதத்திலேயே இரண்டு ஆசிரியர்கள் மலைக்குப் போகட்டும். மனு எழுதிக் கொடுக்கவும், கம்ப்யூட்டரில் பதிந்து கொடுக்கவும், எந்தக் காகிதம் எங்கே கிடைக்கும் என்று சொல்லவும் அவர்கள் போகட்டும். கடைசியாக ஒன்று: ஒவ்வொரு வருஷமும் வராதவர்களின் கணக்கை எடுங்கள்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் வந்தன. இரண்டும் யோசிக்க வேண்டியவை.

முதலாவது: தராசு சில நல்ல பிள்ளைகளைத் தவறவிட்டுவிடுமே? விடும். பரீட்சை நாளன்று காய்ச்சலில் கிடந்தவனை அது அறியாது. கண்ணுக்கும் தராசுக்கும் இரண்டுக்கும் தவறு உண்டு. ஆனால் தராசின் தவறு சுவரில் ஒட்டியிருக்கும், யாரும் விரலை வைத்துக் காட்டலாம், வழக்குப் போடலாம், அடுத்த வருஷம் விதியைத் திருத்தலாம். 1984 முதல் நம் மாநிலத்தில் சட்டங்கள் மாறிக்கொண்டே வந்தது இப்படி விரல் வைத்துக் காட்ட முடிந்ததனால்தான். கண்ணின் தவறு, பார்த்தவரின் மனசுக்குள்ளேயே புதைந்துவிடுகிறது. திருப்பி அனுப்பிய பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். திருத்தக்கூடிய அநியாயத்துக்கும் திருத்த வழியில்லாத அநியாயத்துக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமென்றால், நான் முதலாவதையே ஏற்றுக்கொள்வேன்.

இரண்டாவது: கேட்டு வராதவர்களைத் தேடிப் போவது கல்லூரியின் கடமையா? கொல்லிமலையை ஆண்ட ஓரியும் பறம்பை ஆண்ட பாரியும் கடையெழு வள்ளல்களில் சேர்ந்தவர்கள். வாசலுக்கு வந்து பாடியவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவர்கள் அந்த ஏழு பேருமே. ஆனால் தமிழன் பாரியின் பெயரைத்தான் பழமொழி போல் உச்சரிக்கிறான். காரணம், வாய் திறந்து கேட்க முடியாத முல்லைக் கொடிக்கு அவன் தேரைக் கொடுத்தான். கொடி மனுப் போடவில்லை, சான்றிதழ் காட்டவில்லை. அது பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் தவிப்பதை, போகிற வழியில் அவன் கண் கண்டது. கண்ணுக்கு உரிய வேலை அது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

நிர்வாகத்தார் நேர்முகத்தைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். ஆசிரியர்களை மலைக்கு அனுப்பவும் இசைந்தார்கள். வராதவர்களின் கணக்கு என்றதும்தான் தயங்கினார்கள். "இல்லாதவர்களை எப்படி, ஐயா, எண்ணுவது?" என்றார் பெரியவர். அது ஒன்றும் பெரிய வித்தையல்ல. பிளஸ் டூ முடித்துவிட்டு எங்கும் சேராத பிள்ளைகளைத் தேடி அழைக்க, அரசாங்கமே 2023இல் 'உயர்வுக்குப் படி' என்று முகாம்கள் நடத்தியது. ஒரு கல்லூரியும் செய்யலாம். மலைமேல் இருக்கும் பள்ளிகளில் தேறியவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சேர்ந்த பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு மாலை நேர வேலைதான். அடிபடாமல் மிஞ்சி நிற்கும் பெயர்கள் எவையோ, அவைதாம் கல்லூரி தன்னைப் பற்றி அடுத்த வருஷம் எழுத வேண்டிய பரீட்சையின் கேள்விகள்.